25 மில்லி

"அம்மிணி, அடுப்புல என்னமோ ரப்பர் கொதிக்குது. பால் பாட்டில் நிப்பிளா?"

அம்மா ஊரிலிருந்து வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கைகால் கழுவிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனவர், ஓரத்து அடுப்பில் இருந்த சின்ன எவர்சில்வர் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டில் பால் பாட்டில் குடிக்கிற வயதில் யாரும் இல்லை. கடைசிப் பையனே ஏழாவது படிக்கிறான்.

"இல்லீங்ம்மா, அது வேற" என்று கேஸை அணைத்தேன். வேற என்னவென்று சொல்வதற்கு அன்று ராத்திரி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். பாட்டி பெயர், அம்மா பெயர், சீர் வந்த தேதி. இந்த ஒன்றில் மட்டும் பெயர் கிடையாது. அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்திருக்கிறேன். அதில் யாரும் டீ வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அதில் கொதித்தது மென்சுரல் கப்பு, மாதவிலக்கு ரத்தத்தைப் பிடிக்க உடம்புக்குள் வைக்கிற குட்டிக் கிண்ணம். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு விஷயத்தில் ஆரம்பிப்பார்கள்: காசு மிச்சம், குப்பை மிச்சம். இரண்டும் உண்மை. நான் வாங்கினது இரண்டுக்காகவும் இல்லை. திருப்பூரில் மே மாத வெயில், ஸ்கூட்டர் சீட்டின் சூடு, ஒரு நாளைக்கு ஏழு எட்டு பேடு. தொடை இடுக்கில் தோல் உரிந்து, மூன்றாம் நாள் நடையே மாறிவிடும். தேங்காய் எண்ணெய், பவுடர், காட்டன் பேடு எல்லாம் பார்த்தாயிற்று. என்னோடு வேலை செய்கிற ஆலப்புழைக்காரப் பெண் ஒருத்தி, நான் நடப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க கப்பு யூஸ் பண்ணக் கூடாதா? எங்க அம்மாவே பண்றாங்க."

அவள் அம்மாவுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. கப்பு கொடுத்தது நகராட்சியாம். 2018 கேரள வெள்ளத்தின்போது நிவாரண முகாம்களில் மூட்டை மூட்டையாகப் பேடு வந்து இறங்கியது, பயன்படுத்தியதை எங்கே போடுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் ஆலப்புழை நகராட்சியும் பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேரும் சேர்ந்து 5,000 பெண்களுக்கு இலவசமாகக் கப்பு கொடுத்தார்கள். திட்டத்தின் பெயர் 'திங்கள்'. நிலாவுக்கும் மாதத்துக்கும் ஒரே சொல். நமக்கும் அதே சொல்தான், ஆனால் நாம் மாதவிலக்குக்கு வைத்த பெயர் 'தூரம்'. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் பக்கத்துக் கும்பளங்கி ஊராட்சியை 'நாப்கின் இல்லாத ஊராட்சி' என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு மேடை போட்டால் முன்வரிசையில் யார் உட்காருவார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

தூரம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது துணி. திருப்பூர்க்காரிக்குத் துணிக்கா பஞ்சம்? பனியன் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். அம்மா அதில் வெள்ளையாக, மெத்தென்று இருப்பதைப் பொறுக்கி, நாலாக மடித்து, ஓரம் அடித்துக் கொடுப்பார். அப்பா வேட்டியைக் கிழித்த காலத்துக்கு இது எவ்வளவோ தேவலை. உறிஞ்சும், உறுத்தாது. காயவைப்பதில்தான் வினை. வெயில் கொட்டிக் கிடக்கிற ஊரில், பாத்ரூமுக்குப் பின்னால், பாவாடைக்கு அடியில், இருட்டில் காய வேண்டும். ஈரம் முழுசாகப் போயிருக்காது. காலேஜ் போன பிறகு பேடு வந்தது. மெடிக்கலில் நியூஸ் பேப்பரில் சுற்றி, அதன்மேல் கறுப்புக் கவர் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கறுப்புக் கவரைப் பார்த்தாலே தெருவுக்கே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும்.

கப்பு வந்தது ஒரு சின்னத் துணிப்பையில். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். மணியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி, கீழே குட்டித் தண்டு, வாய்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஊசித் துளைகள், சுவரில் அளவுக்கோடுகள். சிலிகோன். கையில் பிடித்தபோது முதலில் தோன்றியதை அப்படியே சொல்கிறேன்: இவ்வளவு பெரிசா?

இரண்டு சுகப்பிரசவம் பார்த்தவள் நான். அந்த வழியாக மூணேகால் கிலோ பிள்ளை வந்திருக்கிறான். அதெல்லாம் அந்த நேரத்தில் மூளைக்கு ஏறாது.

மடிப்பதற்குப் பல வகை உண்டு. எல்லோரும் முதலில் சொல்லித்தருவது ஆங்கில 'சி' எழுத்து மாதிரி நடுவில் மடிப்பது. எனக்கு அது சரிவரவில்லை, முனை அகலமாக இருந்தது. ஒத்துவந்தது இன்னொன்று. விளிம்பில் ஒரு விரலை வைத்து உள்பக்கமாக அமுக்கினால் தாமரை மொட்டு மாதிரி கூராகிவிடும். தண்ணீர் தொட்டு, குந்தி உட்கார்ந்து, நேர்மேலே தள்ளாமல் முதுகெலும்பின் அடிப்பக்கம் பார்த்துச் செலுத்த வேண்டும். விரலை விட்டதும் உள்ளே 'டப்' என்று விரியும். விரிந்துவிட்டதா என்று அடிப்பாகத்தைச் சுற்றி விரலால் ஒரு தடவை தடவிப் பார்க்க வேண்டும். எங்காவது பள்ளம் தட்டுப்பட்டால் முழுசாக விரியவில்லை என்று அர்த்தம், அந்த வழியாகத்தான் கசியும்.

இதை நாலு வரியில் எழுதிவிட்டேன். கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது. நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, என் உடம்பில் எது எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கருப்பை வாய் தொட்டால் மூக்கு நுனி மாதிரி இருக்கும் என்று படித்துவிட்டுத் தேடினேன். அப்படியேதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் அந்தப் பாடத்தை "வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போனது ஞாபகம் வந்தது.

முதல் நாள் உள்ளே போனது. வெளியே வரவில்லை.

சாயங்காலம் ஆறு மணி. பாத்ரூமில் நான். தண்டு விரலுக்கு எட்டுகிறது, இழுத்தால் வருவதில்லை. உள்ளே என்னமோ உறிஞ்சிப் பிடித்த மாதிரி இருந்தது. வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னவென்று சொல்வேன், நர்ஸ் எப்படிப் பார்ப்பாள் என்பதுவரை யோசித்துவிட்டேன். கதவைத் தட்டி "ஏன், உடம்புக்கு முடியலையா?" என்று வீட்டுக்காரர். "டீயைப் போட்டுக் குடிங்க, வர்றேன்" என்று கத்தினேன்.

தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது என்று பிறகுதான் புரிந்தது. அது கப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டும். குந்தி உட்கார்ந்து லேசாக முக்கினால் கப்பு தானாகக் கீழே இறங்கும். அடிப்பாகத்தை இரண்டு விரலால் அமுக்கினால் பக்கவாட்டில் காற்று புகுந்து பிடி விட்டுவிடும். அதற்கப்புறம் மெதுவாக ஆட்டி ஆட்டி எடுக்கலாம். பயத்தில் உடம்பை இறுக்கினால் அது இன்னும் மேலே போகும். உள்ளே தொலைந்துபோகவெல்லாம் வழியில்லை, அந்தப் பக்கம் கதவு சாத்தியிருக்கிறது. கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டிருக்கிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பிடியை விடுவிக்காமல் இழுத்தால் அதன் நூல் இழுபட்டு அதுவும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு.

இரண்டாம் மாதம் இன்னொரு கூத்து. கழுவும்போது கை வழுக்கி, ஆபீஸ் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குள் 'தொபக்'. முந்நூறு ரூபாய்க்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். கொதிக்கவைத்தால் போதும் என்று சொல்வார்கள். எனக்கு மனசு வரவில்லை.

அது முதல் இந்தியன் டாய்லெட்டைத்தான் தேடிப் போகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு எழுதும் குறிப்புகளைப் படித்தால், பொதுக் கழிப்பறையில் எப்படிக் கழுவுவது என்று பெரிய விசாரமாக இருக்கும். டிஷ்யூவில் துடையுங்கள், பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள் என்பார்கள். நமக்கோ கதவுக்கு உள்ளேயே குழாய், பக்கெட், மக்கு. குந்தும் பழக்கமும் கூடவே இருக்கிறது. கப்பு நமக்கென்றே செய்த சாமான் மாதிரி. குழாயில் தண்ணீர் வருகிற நாளில், அதுதான் சங்கதி. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் இதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்பதால் பெரும்பாலும் தேவையும் வருவதில்லை.

2019-இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 43 ஆய்வுகள், 3,300-க்கும் மேற்பட்ட பெண்கள். கசிவு பேடு, டாம்பன் (உள்ளே வைக்கிற பஞ்சு) அளவுதான் அல்லது அதைவிடக் குறைவு. பழகச் சில மாதம் ஆகும். பழகிய பிறகு தொடர்ந்து பயன்படுத்த விரும்பினவர்கள் சுமார் 70 சதவீதம். மீதி 30 பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் மாதம் வரை நானும் அவர்களில் ஒருத்தி.

கப்பு ஒன்றும் புதுசில்லை. 1937-இலேயே லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை இதற்குக் காப்புரிமை வாங்கினார். ரப்பரில் செய்தது. இரண்டாம் உலகப்போர் வந்து ரப்பர் தட்டுப்பாடானது, கப்பும் போனது. அப்புறம் சிலிகோன் வந்துதான் மறுபடி தலையெடுத்தது. 1937-இல் என் பாட்டி சின்னப் பிள்ளை. அவர் காலத்தில் எங்கள் ஊரில் துணியோடு சாம்பலும் உண்டு.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

நாலாவது மாதம், பயமெல்லாம் போன பிறகு, ஒரு காலையில் கப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். 25 என்ற கோடு வரைக்கும் இருந்தது. கடைசியாகக் காலி செய்து நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதுவரை என் ரத்தத்தை நான் பார்த்ததே இல்லை. கறையைத்தான் பார்த்திருக்கிறேன். பேடில் பழுப்பாகக் காய்ந்து, காற்றுப்பட்டு நாறி, சுருட்டி மறைக்க வேண்டிய ஒன்றாக. கப்பில் இருந்தது வேறு. நல்ல சிவப்பு. கையை வெட்டிக்கொண்டால் வருகிற அதே ரத்தம்போல. வாடையும் அப்படி இல்லை. கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் கணக்கு எழுத ஆரம்பித்தேன். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். முதல் நாள் 45. இரண்டாம் நாள் 90. மூன்றாம் நாள் 50. நான்காம் நாள் 20. ஐந்தாம் நாள் ஐந்துக்குள். கூட்டினால் 210. வழக்கமாக ஒரு மாதத்துக்கு 30, 40 மில்லி ரத்தம் போகும், 80-ஐத் தாண்டினால் அதிகம் என்று படித்தபோது, நோட்டில்தான் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் கிட்டத்தட்ட அதே கணக்கு.

இருபது வருஷமாக எந்த லேடி டாக்டரிடம் போனாலும் ஒரே கேள்வி: "எத்தனை பேடு மாத்துவீங்க?" அதற்கு என்ன பதில் சொல்வது? அரிப்புக்காக மாற்றுகிற பேடு உண்டு. மீட்டிங் இருக்கிறதென்று முன்கூட்டியே மாற்றுவது உண்டு. காசு பார்த்து நனைய நனைய வைத்திருப்பவர்கள் உண்டு. "ஆறு ஏழு இருக்கும் டாக்டர்" என்பேன். "நார்மல்தாம்மா" என்பார்கள்.

இந்தத் தடவை நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் நோட்டைப் பார்த்தார். "கப்புல சேர்றது முழுக்க ரத்தம் இல்லீங்க, கருப்பைச் சவ்வும் தண்ணியும் கலந்து வரும். 80-ங்கிறது ரத்தக் கணக்கு. பாதி கழிச்சாலும் உங்களுக்கு அதிகம்தான்" என்றார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார், அதை நான் எதிர்பார்க்கவில்லை: "அரிசி திம்பீங்களா?"

தின்பேன். சின்ன வயசிலிருந்து. பச்சரிசி புடைக்கும்போது ஒரு பிடி, மாவுக்கு ஊறப்போடும்போது ஒரு பிடி. "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்" என்று எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். என் கல்யாணத்தில் நிஜமாகவே மழை பெய்தது, பந்தல் ஒழுகி, சாம்பாரில் தண்ணீர் விழுந்தது, இன்னும் அத்தை சொல்லிக்காட்டுவார். இரும்புச்சத்து குறைந்த உடம்பு அரிசி, ஐஸ் கட்டி, சாக்பீஸ் என்று தேடும் என்று யாரும் சொன்னதில்லை. ஹீமோகுளோபின் பார்த்தால் 8.1. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். ஸ்கேனில் கருப்பையில் ஒரு நார்க்கட்டி, நெல்லிக்காய் அளவு.

படியேறினால் மூச்சு வாங்குவதை வயசு என்று நினைத்திருந்தேன். தலைமுடி கொட்டுவதை உப்புத்தண்ணீர் என்று நினைத்திருந்தேன். மதியம் தலை சுற்றுவதைத் திருப்பூர் வெயில் என்று. நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று உள்ளே போவதைப் பற்றியே பேசுகிறோம். மாதாமாதம் வெளியே போவது எவ்வளவு என்று என்னிடம் அதுவரை கணக்கு இல்லை.

இரும்பு மாத்திரை, தூரமான நாட்களில் மட்டும் ரத்தப்போக்கைக் குறைக்க இன்னொரு மாத்திரை. ஆறு மாதத்தில் நோட்டில் 210 என்பது 120 ஆனது. ஹீமோகுளோபின் 11.4. அரிசி தின்கிற ஆசை எந்த நாளில் போனது என்று தெரியவில்லை, ஒரு நாள் மாவுக்கு ஊறப்போட்டுவிட்டுத் திரும்பி நடந்த பிறகுதான் கவனித்தேன். கப்பு எதையும் குணப்படுத்தவில்லை, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று நாத்தனார் கேட்டார். அவர் கேட்க வந்தது எது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கன்னித்திரை என்பது மூடிவைத்த சீல் கிடையாது, விரிந்துகொடுக்கிற சவ்வு. சிலருக்குக் கப்பால் கொஞ்சம் கிழியலாம், சிலருக்குச் சைக்கிள் விட்டே கிழிந்திருக்கும். அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. நாத்தனார் பெண்ணுக்கு விருப்பம் இருந்தால் சின்ன அளவு வாங்கிக் கொடுக்கட்டும், இல்லையென்றால் துணிப் பேடு. கட்டாயப்படுத்தினால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் கப்பைத் தொட மாட்டாள். நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: தொடுவதற்கு முன் கை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தூரம் தொடங்கும்போதும் முடிந்த பிறகும் கொதிக்கவைக்க வேண்டும், கப்பு உள்ளே இருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் என்று வந்தால் எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் விளையாட்டில்லை.

அன்று ராத்திரி பிள்ளைகள் படுத்த பிறகு, கப்பை எடுத்து வந்து அம்மா கையில் கொடுத்தேன்.

"கொழந்தைக்குப் பால் ஊத்தற சங்காட்டம் இருக்குது" என்றார் தடவிப் பார்த்துக்கொண்டே. எதற்கென்று சொன்னேன். முகத்தைச் சுளிப்பார் என்று நினைத்தேன். சுளிக்கவில்லை. கோட்டைக் காட்டி, "இதென்ன நம்பரு?" என்றார். மில்லிக் கணக்கு, என் நோட்டு, நார்க்கட்டி, மாத்திரை எல்லாம் சொன்னேன்.

அம்மாவுக்கு 1996-இல் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வயது நாற்பது. நான் பத்தாவது. "ரொம்பப் போகுதுன்னு சொன்னேன். எவ்வளவு போகுதுன்னு கேக்கல. ரெண்டு கொழந்தைங்க இருக்குதில்ல, இனி அது எதுக்கு, எடுத்துப்போடலாம்னாங்க. உங்கப்பாவும் சரீன்னுட்டாங்க." எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். ஸ்கேன் எடுத்தார்களா, என்ன இருந்தது என்று இன்றைக்குவரை எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அம்மா ராத்திரியில் வியர்த்து வியர்த்து எழுந்து உட்கார்ந்தது மட்டும் தெரியும்.

"அப்ப நானும் அரிசி திம்பேன், உனக்கு ஞாபகம் இருக்குதா?" என்றார்.

இருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். குழாயைத் திறந்து, கப்பில் 25 கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, மேடையில் இருந்த டம்ளரில் ஊற்றினார். மறுபடி பிடித்தார். "காலீல ஒண்ணு." ஊற்றினார். "ஏரிவேலைக்குப் போற வழியில, வாழைத்தோப்புல ஒண்ணு." ஊற்றினார். உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தார். டம்ளர் நிறைந்தது. இன்னொரு டம்ளரை எடுத்தார்.

அதிலும் பாதிக்குமேல் வந்ததும் நிறுத்தி, இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு" என்றார்.

அப்புறம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், பின்னால் இருக்கிற கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார்.